புற்றுநோய் மருந்து ஆய்வில் சிடி ஸ்கேன்: மூன்று மில்லிமீட்டர் எதையெல்லாம் மாற்றும்

"நோய் முற்றாமல் இத்தனை மாதம் கட்டுக்குள் இருந்தது" என்று ஒரு புதிய புற்றுநோய் மருந்தைப் பற்றிச் செய்தி வரும்போது, அந்த மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் ஒருவர் கணினித் திரையில் கட்டியின் ஓர் ஓரத்தில் சுட்டியை வைத்து மறு ஓரம்வரை இழுத்த கோட்டிலிருந்து வருவது அது. அந்தக் கோட்டின் நீளம் மில்லிமீட்டரில் படிவத்தில் ஏறுகிறது. அடுத்த ஸ்கேனில் அதே கட்டிக்கு இன்னொரு கோடு. இரண்டையும் வைத்துத்தான் நோய் குறைந்ததா, அப்படியே நிற்கிறதா, முற்றிவிட்டதா என்று முடிவாகிறது. பல மருந்துகளுக்கு அனுமதி கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் இந்தக் கோடுகளின் கூட்டுத்தொகையால்தான்.

திடக் கட்டிகளுக்கான மருந்து ஆய்வுகளில் சிடி ஸ்கேன் எப்படி அளவுகோலாக வேலை செய்கிறது, எங்கெல்லாம் சறுக்குகிறது என்பதுதான் இந்தப் பதிவு. ஆய்வு மையங்களில் வேலை பார்க்கும் ஒருங்கிணைப்பாளர்கள், ஸ்கேன் டெக்னீஷியன்கள், ரேடியாலஜி மேற்படிப்பு மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வார்டு நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேனும் ஆய்வுக்கு எடுக்கும் ஸ்கேனும் ஒரே இயந்திரத்தில், ஒரே டெக்னீஷியன் கையால்தான் நடக்கின்றன. கேள்விதான் வேறு. வார்டில் "என்ன இருக்கிறது?" என்று கேட்கிறோம். ஆய்வில் "போன தடவையைவிட எவ்வளவு மாறியிருக்கிறது?" என்று கேட்கிறோம். குழந்தையின் எடை கூடுகிறதா என்று பார்க்க மாதாமாதம் ஒரே தராசில் நிறுத்துவது போன்றது இது. தராசை மாற்றினால் கூடியது குழந்தையா தராசா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடுத்த சுமாரான ஸ்கேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக எடுத்த பிரமாதமான ஸ்கேனைவிட ஆய்வுக்கு மேலானது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

படத்தைப் பார்ப்பவருக்கு நோயாளி எந்த மருந்து வாங்குகிறார் என்று தெரியக் கூடாது என்ற எண்ணம் புதிதல்ல. 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வு, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த ஆய்வுகளில் முன்னோடி. அதில் மொத்தம் 107 பேர்: 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். மார்பு எக்ஸ்ரேக்களை இரண்டு ரேடியாலஜிஸ்ட்களும் ஒரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள்; எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று அவர்களிடம் சொல்லவில்லை. மருந்துக் குழுவில் 28 பேருக்கு எக்ஸ்ரேயில் கணிசமான முன்னேற்றம். மற்றதில் 4 பேருக்கு மட்டும். மருந்து ஆய்வில் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதன் இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

கட்டியை அளக்கும் விதி

உலக சுகாதார நிறுவனம் 1979-இல் ஒரு முறை வகுத்தது. கட்டியின் நீளத்தையும் அதற்குக் குறுக்கான அகலத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இரண்டு கோடு என்றால் பிழைக்கு இரண்டு வாய்ப்பு. 2000-இல் வந்த ரெசிஸ்ட் விதி அதை ஒரே கோடாக்கியது. 2009-இல் அது திருத்தப்பட்டு ரெசிஸ்ட் 1.1 ஆனது. இன்றும் திடக் கட்டி ஆய்வுகளில் பெரும்பாலானவை அதன்படியே நடக்கின்றன.

விதி சுருக்கமாக இது. மருந்து தொடங்கும் முன் எடுக்கும் முதல் ஸ்கேனில் உடல் முழுவதுக்குமாக அதிகபட்சம் 5 கட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் உறுப்பில் 2-க்கு மேல் கூடாது. இவை டார்கெட் கட்டிகள். சிடியில் ஸ்லைஸின் (உடலைக் குறுக்காக வெட்டியது போன்ற ஒவ்வொரு படத்தின்) தடிமன் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், நீளமான விட்டம் குறைந்தது 10 மி.மீ. இருக்கும் கட்டிதான் டார்கெட் ஆகலாம். ஸ்லைஸ் அதைவிடத் தடிமனாக இருந்தால் கட்டி ஸ்லைஸின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். நிணநீர்க் கணுவுக்கு மட்டும் கணக்கு வேறு: நீளத்தை விட்டுவிட்டு, அதற்குக் குறுக்கான குட்டை விட்டத்தை அளக்க வேண்டும். அது 15 மி.மீ. அல்லது மேல் என்றால் டார்கெட். 10 முதல் 15-க்குள் என்றால் நான்-டார்கெட், அதாவது தொகையில் சேராமல் கண்காணிக்க மட்டும் செய்வது. 10-க்குக் கீழே இயல்பான கணு. நீர்க்கோர்வை, எலும்பைக் கெட்டியாக்கும் பரவல், மூளையுறையில் பரவியது போன்றவற்றை அளக்க முடியாது என்பதால் அவை நான்-டார்கெட் பட்டியலில் போகும்.

டார்கெட் கட்டிகளின் அளவுகளைக் கூட்டினால் வருவதுதான் அடிப்படைத் தொகை. அந்தத் தொகை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பகுதிக் குணம். இதுவரை வந்ததிலேயே குறைந்த தொகையிலிருந்து 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மி.மீ.க்கும் குறையாமல் இருந்தால் நோய் முற்றிவிட்டது. புதிய கட்டி ஒன்று ஐயமில்லாமல் தெரிந்தாலும் முற்றிவிட்டது. இரண்டிலும் சேராதது நிலைத்த நோய். கட்டிகள் எல்லாம் மறைந்து, கணுக்கள் எல்லாம் 10 மி.மீ.க்குக் கீழே வந்தால் முழுக் குணம்.

குறைந்ததை முதல் தொகையோடு ஒப்பிடுகிறோம். கூடியதை மிகக் குறைந்த தொகையோடு ஒப்பிடுகிறோம். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஓர் உதாரணத்தை எண்களோடு பார்த்தால் தெளிவாகும்.

முதல் ஸ்கேன் (அளவுகள் எல்லாம் மி.மீ.): கல்லீரலில் 32, 24, நுரையீரலில் 18, கணு குட்டை விட்டத்தில் 20. தொகை 94.
8-ஆம் வாரம்: 21, 16, 11, 14. தொகை 62. முதலிலிருந்து 34 சதவீதம் குறைவு: பகுதிக் குணம்.
16-ஆம் வாரம்: 17, 12, 8, 13. தொகை 50. இதுவரை வந்ததில் இதுதான் குறைவு.
24-ஆம் வாரம்: 21, 14, 9, 14. தொகை 58. 50-லிருந்து 16 சதவீதம் கூடுதல். 20-ஐத் தொடவில்லை, பகுதிக் குணம் தொடர்கிறது.
32-ஆம் வாரம்: 22, 15, 10, 14. தொகை 61. 50-லிருந்து 22 சதவீதம், 11 மி.மீ. கூடுதல்: நோய் முற்றிவிட்டது.

32-ஆம் வாரத்துத் தொகை முதல் ஸ்கேனைவிட இன்னும் 35 சதவீதம் குறைவாகவே இருக்கிறது. இரண்டு படங்களையும் நோயாளியின் கையில் கொடுத்தால் கட்டி சுருங்கியிருக்கிறது என்றுதான் அவர் சொல்வார். விதிப்படி நோய் முற்றிவிட்டது. ஆய்வில் அவருடைய கடிகாரம் அங்கே நிற்கிறது. மருத்துவர் இதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர். "கட்டி சின்னதாத்தானே இருக்கு, ஏன் மருந்தை நிறுத்துறீங்க?" என்ற கேள்வி நியாயமானது.

இனி அந்த 16-ஆம் வாரத்துக்கு வருவோம். அன்று அளந்தவர் மூன்று கட்டிகளில் தலா 1 மி.மீ. கூடுதலாக இழுத்திருந்தால் தொகை 50-க்குப் பதில் 53. அப்போது முற்றியதற்கான எல்லை 63.6. 32-ஆம் வாரத்தில் வந்த 61 அதைத் தொடாது. நோயாளி ஆய்வில் தொடர்வார். நோய் கட்டுக்குள் இருந்த காலத்தில் இன்னும் 8 வாரம் சேரும். கட்டியில் எதுவும் மாறவில்லை. மாறியது மூன்று மில்லிமீட்டர் கோடு.

5 மி.மீ. என்ற கூடுதல் நிபந்தனை 1.1-இல் வந்ததும் இதே கவலையால்தான். தொகை 14 மி.மீ. வரை சுருங்கிய ஒருவருக்கு அது 17 ஆனால் 21 சதவீதம் கூடுதல். ஆனால் 3 மி.மீ. என்பது அளப்பதில் இயல்பாகவே வரும் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும். 2009-இல் வெளியான ஒரு சோதனையில் நுரையீரல் புற்றுநோய் உள்ள 32 பேருக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, 15 நிமிடத்துக்குள் மறுபடி இன்னொன்று எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் கட்டி வளர வழியில்லை. ஆனாலும் விட்டம் சுமார் 7 சதவீதம்வரை இப்படியும் அப்படியும் ஆடியது. மூச்சை எவ்வளவு இழுத்தார், உடல் எப்படிச் சாய்ந்தது, கட்டியின் ஓரம் எந்த ஸ்லைஸில் விழுந்தது என்பவையெல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. இத்தனைக்கும் அங்கே அளந்தது கணினியின் துணையோடு. வெவ்வேறு ஆட்கள் கையால் அளந்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

30, 20 என்ற எண்கள் கேட்கச் சமச்சீரற்றவையாகத் தோன்றலாம். உருண்டையான கட்டியின் விட்டம் 30 சதவீதம் குறைந்தால் கன அளவு 66 சதவீதம் குறைகிறது. விட்டம் 20 சதவீதம் கூடினால் கன அளவு 73 சதவீதம் கூடுகிறது. கன அளவில் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மாற்றம்.

டார்கெட் தேர்வு

ஆய்வு கெடுவது பெரும்பாலும் முதல் ஸ்கேனிலேயே. பெரிய கட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரியது என்பதோடு, ஒவ்வொரு முறையும் சந்தேகமில்லாமல் திரும்ப அளக்கக்கூடியது என்பதும் சேர வேண்டும். குடலோடு ஒட்டிய கட்டி நகரும். கல்லீரலின் உச்சியில், உதரவிதானத்தை ஒட்டி இருப்பது மூச்சுக்கேற்ப வடிவம் மாறும். நுரையீரல் சுருங்கிய பகுதியோடு கலந்த கட்டிக்கு ஓரமே தெரியாது. இவற்றைவிடச் சற்றுச் சிறியதாக, தெளிவான ஓரத்தோடு இருப்பது மேல். முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் உள்ள கட்டியை, அது அதற்குப் பிறகு வளர்ந்தது என்று காட்ட முடிந்தால் ஒழிய, பொதுவாக டார்கெட்டாக எடுக்கக் கூடாது. பயாப்ஸிக்காக முழுவதும் வெட்டியெடுக்கப் போகும் ஒரே கட்டியை டார்கெட்டாக எழுதுவதும் நடக்கிறது; ஆங்காலஜிஸ்டும் (புற்றுநோய் மருத்துவர்) ரேடியாலஜிஸ்டும் ஒரு போன் பேசினால் தவிர்க்கக்கூடிய தவறு.

பிறகு வரும் ஸ்கேன்களில் சில சிக்கல்களுக்கு விதியே வழி சொல்கிறது. கட்டி இருக்கிறது, ஆனால் அளக்க முடியாத அளவு சிறியது என்றால் 5 மி.மீ. என்று எழுதலாம். ஒரு கட்டி இரண்டாகப் பிரிந்தால் துண்டுகளின் நீள விட்டங்களைக் கூட்ட வேண்டும். இரண்டு கட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து எல்லை தெரியாமல் போனால் சேர்ந்ததன் நீள விட்டத்தை ஒரே அளவாக எழுத வேண்டும். பழைய கோட்டின் அதே திசையில்தான் இழுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; அன்றைய படத்தில் எந்தத் திசையில் நீளமோ அதை அளக்க வேண்டும். எந்தத் தளத்தில் அளக்கிறோம் என்பதை மட்டும் மாற்றக் கூடாது.

வழக்கமான ரிப்போர்ட்டில் "பழைய ஸ்கேனோடு ஒப்பிடுகையில் சற்றே குறைந்துள்ளது" என்று இருக்கும். ஆய்வுக்கு அந்த வரியால் பயனில்லை. ஒவ்வொரு டார்கெட்டுக்கும் சீரிஸ் எண், இமேஜ் எண், மில்லிமீட்டர் அளவு, கோடு தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கும் வேண்டும். ஒரு நோயாளியின் எல்லா ஸ்கேன்களையும் ஒரே ரேடியாலஜிஸ்ட் படிக்கும்படி ஏற்பாடு செய்வது எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும். அவர் விடுப்பில் போனால் யார் படிப்பார் என்பதையும் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

கன்சோலில் நடப்பது

ஆய்வு தொடங்கும் முன் ஸ்பான்சர் (ஆய்வை நடத்தச் செலவு செய்யும் நிறுவனம்) தரப்பிலிருந்து இமேஜிங் கையேடு வரும். அதை ஃபைலில் வைத்துப் பூட்டினால் போதாது. அதிலிருந்து அரைப் பக்கம் எடுத்து, ஸ்கேனரை இயக்கும் கன்சோல் பக்கத்தில் ஒட்ட வேண்டும்: எந்தப் பகுதி (பொதுவாக மார்பு, வயிறு, இடுப்பு முழுவதும்), ஸ்லைஸ் தடிமன், இடைவெளி இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது, எந்த ரீகன்ஸ்ட்ரக்ஷன் (தரவிலிருந்து படத்தை உருவாக்கும் முறை), கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாயில் ஏற்றும், படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) எத்தனை மில்லி, எந்த வேகத்தில், ஊசி தொடங்கி எத்தனை விநாடியில் ஸ்கேன். இரவுப் பணியில் இருக்கும் டெக்னீஷியனும் கேட்காமலே செய்ய முடிய வேண்டும்.

இதில் அதிகம் கெடுவது கான்ட்ராஸ்ட் நேரம். கல்லீரலில் பரவிய பெருங்குடல் புற்றுநோய், ஊசி போட்டு சுமார் 70 விநாடியில், கான்ட்ராஸ்ட் கல்லீரல் சிரையை அடைந்தபின் எடுக்கும் போர்ட்டல் கட்டத்தில் கருமையாகத் துலங்கும். சிறுநீரகப் புற்றுநோய், நியூரோஎண்டோகிரைன் கட்டி போன்று ரத்த ஓட்டம் மிகுந்தவை சுமார் 35 விநாடியில், அது தமனிகளில் இருக்கும்போது எடுக்கும் ஆர்ட்டீரியல் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, போர்ட்டல் கட்டத்தில் கல்லீரலோடு கலந்து மறைந்துவிடக்கூடும். முதல் ஸ்கேன் ஒரு கட்டத்திலும் அடுத்தது இன்னொன்றிலும் எடுத்தால் 20 மி.மீ. கட்டி காணாமல் போகும், அல்லது இல்லாத புதிய கட்டி முளைக்கும். இரண்டுமே ஆய்வின் முடிவைத் திருப்பிவிடும்.

அடுத்தது கிரியேட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. மருந்தின் விளைவாகவோ வேறு காரணத்தாலோ சிறுநீரகச் செயல்பாடு குறைந்தால் கான்ட்ராஸ்ட் கொடுக்கத் தயங்குவார்கள், தயங்குவது சரிதான். ஆனால் பேசாமல் பிளெயின் (கான்ட்ராஸ்ட் இல்லாத) ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டால் கல்லீரல் கட்டிகளை மதிப்பிட முடியாது. பல கையேடுகள் இதற்கு மாற்று சொல்லியிருக்கும்: மார்புக்குப் பிளெயின் சிடி, வயிற்றுக்கு எம்ஆர்ஐ. கிரியேட்டினின் முடிவை ஸ்கேன் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கிவிட்டால் எம்ஆர்ஐ நேரம் பிடிக்க அவகாசம் இருக்கும்.

மெல்லிய ஸ்லைஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பல மையங்களில் 5 மி.மீ. படங்கள் மட்டும் பாக்ஸ் (PACS) சர்வருக்கு, அதாவது மருத்துவமனையின் படக் கிடங்குக்குப் போகும். மெல்லியவை இயந்திரத்திலேயே தங்கும். இயந்திரத்தின் வட்டு நிரம்பினால் ரா டேட்டா (படங்களை உருவாக்கும் மூலத் தரவு) சில நாட்களில் தானாக அழிந்துவிடும். மூன்று வாரம் கழித்து "2.5 மி.மீ. படங்களை அனுப்புங்கள்" என்று கேள்வி வந்தால் நோயாளியை மறுபடி படுக்க வைப்பதைத் தவிர வழியில்லை, அது செய்யக் கூடாத காரியம். எடுத்த அன்றே தேவையான எல்லா சீரிஸும் சர்வருக்குப் போய்விட்டதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

நம் ஊரில் இன்னொன்று: ஆய்வு மையம் சென்னையிலோ வேலூரிலோ இருக்கும், நோயாளி வெகுதூரத்திலிருந்து வருபவர். "இங்கேயே பக்கத்துல ஸ்கேன் எடுத்துட்டு வட்டுல போட்டுக் கொண்டு வர்றேன்" என்பார். அவர் கஷ்டம் உண்மை. ஆனால் வெளி மையத்தில் எந்தக் கட்டத்தில் எடுத்தார்கள், எத்தனை மில்லி கொடுத்தார்கள் என்று தெரியாது. வட்டில் வருவது சில சமயம் சுருக்கப்பட்ட ஜேபெக் படங்களாக இருக்கும். ஃபிலிமை அல்லது அதன் போட்டோவை வைத்து அளக்கவே முடியாது. போக்குவரத்துச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்து எதிக்ஸ் கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கி வைப்பதுதான் இதற்குச் சரியான தீர்வு.

நாள்காட்டி

நோய் எப்போது முற்றியது என்பது நமக்கு ஒருபோதும் சரியாகத் தெரியாது. எந்த ஸ்கேனில் தெரிந்ததோ அந்த நாளைத்தான் எழுதுகிறோம். உண்மையில் 13-ஆம் வாரம் முற்றிய நோய், 6 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும் குழுவில் 18-ஆம் வாரம் பிடிபடும். 12 வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் குழுவில் 24-ஆம் வாரம். மருந்தில் வித்தியாசமே இல்லாமல் 6 வாரம் லாபம் கிடைத்துவிட்டது. அதனால்தான் இரண்டு குழுவுக்கும் ஒரே இடைவெளி; அதையும் மருந்து கொடுத்த நாளிலிருந்து எண்ணாமல் குலுக்கல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ரத்த அணுக்கள் குறைந்து மருந்து இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் ஸ்கேன் தள்ளிப்போகக் கூடாது. ஒருங்கிணைப்பாளர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் நோயாளி மருந்துக்கு வரும் நாளில் ஸ்கேனையும் முடித்துவிடுவது எல்லோருக்கும் வசதி.

பெரும்பாலான ஆய்வுகளில் முன்பின் 7 நாள் அவகாசம் உண்டு. பொங்கல், தீபாவளி வாரங்களில் இந்த 7 நாள் மாயமாகிவிடும். நோயாளி சேர்ந்த அன்றே அடுத்த ஓராண்டுக்கான ஸ்கேன் தேதிகளை எழுதி, ஒரு பிரதியை அவரிடமும் ஒன்றை ஸ்கேன் ரிசப்ஷனிலும் கொடுத்துவிடலாம். முதல் ஸ்கேனுக்கும் ஒரு கெடு உண்டு: சிகிச்சை தொடங்குவதற்கு 4 வாரத்துக்கு முந்தையதாக இருக்கக் கூடாது.

இன்னொரு குழி. நோயாளிக்கு உடம்பு முடியவில்லை, நோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் ஸ்கேன் எடுக்காமலே முடிவு செய்து மருந்தை மாற்றிவிடுகிறார். வெளியில் இருந்து படங்களை மறுபடி படிப்பவர்களிடம் (அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது) கடைசி ஸ்கேன் "நிலைத்த நோய்" என்றே இருக்கும். கணக்கில் அவர் நோய் முற்றாதவராகவே பாதியில் விடுபட்டுப் போவார். இப்படிப் பலர் ஒரே குழுவில் விடுபட்டால் முடிவே சாயும். அடுத்த சிகிச்சை தொடங்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்துவிட முடியுமா என்று கேட்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை.

வெளியிலிருந்து படிப்பவர்கள்

மருந்து எது என்று தெரிந்த மருத்துவர்கள் நடத்தும் ஆய்வுகளில், படங்களை வெளியில் ஒரு மைய அமைப்புக்கு அனுப்பி மறுபடி படிக்க வைப்பார்கள். இரண்டு ரேடியாலஜிஸ்ட்கள் தனித்தனியாக, மருந்தும் மருத்துவமனையும் தெரியாமல் படிப்பார்கள். முடிவு வேறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். யார் படிப்பார்கள், எந்த வரிசையில் படங்கள் காட்டப்படும், எப்போது மூன்றாமவர் வருவார் என்பதையெல்லாம் இமேஜிங் சார்ட்டர் என்ற ஆவணம் முன்கூட்டியே வரையறுக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. மைய வாசிப்பும் மருத்துவமனை வாசிப்பும் வேறுபடுவது சாதாரணம். இருவரும் வேறு வேறு டார்கெட்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலே போதும். அதைத் தங்கள் மருத்துவமனையின் குறையாக எடுத்துக்கொண்டு தங்கள் அளவை மாற்றி எழுதுபவர்கள் உண்டு. ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது.

படங்களை அனுப்பும் முன் அடையாளம் நீக்க வேண்டும். ஸ்கேன் படம் சேமிக்கப்படும் டைகாம் ஃபைலில் நோயாளி பெயர் (0010,0010), மருத்துவமனை எண் (0010,0020) என்று தனித்தனி இடங்கள் உண்டு. மென்பொருள் அவற்றை மாற்றிவிடும். அது பார்க்காத இடங்கள்தான் ஆபத்து. கதிர்வீச்சு அளவு காட்டும் டோஸ் ரிப்போர்ட் பக்கம், ஸ்கேன் செய்து சேர்த்த ரெக்விசிஷன் சீட்டு, அல்ட்ராசவுண்ட் படம் ஆகியவற்றில் பெயர் படத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அனுப்பும் முன் ஒவ்வொரு சீரிஸையும் ஒருமுறை கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எதிர்த் திசையிலும் தவறு நடக்கும்: கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனில் எடையையும் ஊசி போட்ட நேரத்தையும் சேர்த்து அழித்துவிட்டால், கட்டி அந்த ஊசி மருந்தை எவ்வளவு இழுத்தது என்று காட்டும் எஸ்யுவி அளவைக் கணக்கிடவே முடியாது. பதிவேட்டில் இனிஷியல் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் எழுதப்பட்டு, ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுவது நம் மருத்துவமனைகளில் சகஜம் என்பதால், பழைய ஸ்கேனைத் தேடும்போது பிறந்த தேதியையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

பெட் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. அந்த ஊசியில் பெரும்பாலும் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி போடும் அறையின் கடிகாரமும் ஸ்கேனர் கடிகாரமும் 10 நிமிடம் வித்தியாசப்பட்டால் அதிலேயே 6 சதவீதப் பிழை. ஊசிக்குப் பிறகு சிரிஞ்சில் மிஞ்சியதை அளந்து கழிக்க வேண்டும். எடையைக் கேட்டு எழுதாமல் அன்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல் தடவை 60 நிமிடம் காத்திருந்தால் அடுத்த தடவையும் அதேயளவு.

அளவு மட்டும் போதாத இடங்கள்

ஜிஸ்ட் என்ற இரைப்பை-குடல் கட்டிக்கு இமாடினிப் என்ற மருந்து கொடுத்தபோது கட்டி உள்ளே செத்து, நீர்த்தன்மை அடைந்தது. அளவு குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. ரெசிஸ்ட்படி மருந்து வேலை செய்யவில்லை; நோயாளியோ தேறிக்கொண்டிருந்தார். 2007-இல் வந்த சோய் அளவுகோல் இதற்காகவே அளவு 10 சதவீதமோ, சிடியில் அடர்த்தி 15 சதவீதமோ குறைந்தால் பலன் என்று எடுத்துக்கொண்டது. நோயெதிர்ப்பு மருந்துகளில் வேறு சிக்கல்: எதிர்ப்பணுக்கள் உள்ளே நுழைந்து கட்டி முதலில் வீங்கி, பிறகு சுருங்கக்கூடும். 2017-இல் வந்த ஐரெசிஸ்ட், முதலில் கூடியதை "உறுதி செய்யப்படாத முற்றல்" என்று குறித்துக்கொண்டு, 4 முதல் 8 வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறது. நோயாளியின் உடல்நிலை தளராமல் இருந்தால்தான் இந்தக் காத்திருப்பு. இப்படி வீங்கிப் பிறகு சுருங்குபவர்கள் சிலரே, பலருக்கு அது உண்மையான முற்றல்தான்.

புதிய கட்டி விஷயத்தில் இந்தியாவில் எப்போதும் மனதில் இருக்க வேண்டியது காசநோய். நுரையீரலில் புதிய சிறு முடிச்சு, மார்பு நடுவில் பெருத்த கணு எல்லாம் பரவலாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். முடிந்தால் பயாப்ஸி அல்லது சளிப் பரிசோதனை செய்துவிட்டு எழுதுவது நல்லது. முதல் ஸ்கேனில் இடுப்புப் பகுதி எடுக்கப்படாமல் போய், இரண்டாவதில் முதன்முறையாகத் தெரியும் கட்டியும் புதியதா பழையதா என்ற சிக்கலைக் கிளப்பும். முதல் ஸ்கேன் முழுமையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

படத்தில் கிடைத்த வெற்றி வாழ்நாளைக் கூட்டுமா என்பது தனிக் கேள்வி. மார்பகப் புற்றுநோயில் பெவாசிஸுமாப் என்ற மருந்து நோய் முற்றும் காலத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது என்ற முடிவை வைத்து 2008-இல் எஃப்டிஏ விரைவு அனுமதி கொடுத்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகத் தெரிந்தது; வாழ்நாள் கூடியதாகக் காட்ட முடியவில்லை; பக்கவிளைவுகள் இருந்தன. 2011 நவம்பரில் அந்த அனுமதி விலக்கப்பட்டது. படத்தை எவ்வளவு ஒழுங்காக அளந்தாலும் அது சொல்வது படத்தின் கதையை மட்டும்தான் என்பதை ஆய்வை வடிவமைப்பவர்கள் மறக்கக் கூடாது.

நோயாளியின் பக்கம்

ஆய்வுக்காக வழக்கத்தைவிடக் கூடுதல் ஸ்கேன் எடுக்கிறோம் என்றால் அந்தக் கூடுதல் எண்ணிக்கை, கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை ஆகிய மூன்றும் தமிழ் ஒப்புதல் படிவத்தில் புரியும்படி இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வின் பகுதியாகச் செய்யப்படும் பரிசோதனைகளால் ஏற்படும் பாதிப்பும் ஆய்வு சார்ந்த பாதிப்பில் அடங்கும். ஆய்வு ஸ்கேனில் கான்ட்ராஸ்டால் மோசமான ஒவ்வாமை வந்தால் அதை "ஸ்கேன் பிரச்சினை" என்று ஒதுக்காமல் முறைப்படி அறிவிக்க வேண்டும். பில்லிங் கவுன்டருக்கும் ஆய்வு நோயாளிகளின் பட்டியல் போக வேண்டும். ஸ்பான்சர் கொடுக்க வேண்டிய ஸ்கேன் காசை நோயாளியிடம் கேட்டுவிட்டுப் பிறகு திருப்பித் தருவது சரியல்ல, திருப்பித் தரும்வரை அவர் கடன் வாங்கியிருப்பார்.

ஆய்வு முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பாக்ஸ் சர்வரில் சில ஆண்டுகளுக்கு மேற்பட்ட படங்கள் தானாக நீக்கப்படும்படி அமைத்திருப்பார்கள். ஆய்வைத் தணிக்கை செய்பவர் வந்து மூலப் படத்தைக் கேட்கும்போது அது இருக்காது. ஆய்வு நோயாளிகளின் படங்களை அந்தத் தானியங்கி நீக்கத்திலிருந்து விலக்கி வைக்கும்படி ஐடி பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, அவர்கள் செய்துவிட்டதை ஒரு பழைய படத்தைத் திறந்து பார்த்து உறுதி செய்து, அந்தக் கடிதத்தின் நகலை ஆய்வுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.